செலின் போடாத டிக்

"ஜே. செலின், முதுநிலை உருவாக்கப் பொறியாளர். புதிய மெய்நிகர் வலையமைப்புச் சேவைகளைக் கருத்திலிருந்து களத்துக்குக் கொண்டுவருபவர். நிதானமானவர். குழுவின் முடிவுகளோடு இயல்பாக இணங்கிச் செல்பவர். எந்தச் சூழலிலும் பதற்றம் கொள்ளாதவர்."

திங்கட்கிழமை காலை பதவி உயர்வுக் குழுவின் முன் வைப்பதற்காக, டீம் லீட் ரோஹித் எழுதி வைத்திருந்த குறிப்பு இது. இதில் பெயர் சரி. இனிஷியல் தப்பு; கல்யாணமாகிப் பதினாலு வருஷமாக அவள் எ. செலின். மற்ற வாசகங்களை அம்பத்தூர் எஸ்டேட் அலுவலகத்தில் யாரிடம் படித்துக் காட்டினாலும், "யாரு, நம்ம செலினா?" என்று இன்னொரு முறை கேட்டிருப்பார்கள்.

புதியதைக் கொண்டுவருபவர் என்பதையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது ஆண்டுகளில் செலின் புதிதாக ஒன்றையும் உருவாக்கியதில்லை. உருவாக்கக் கூடாது என்பதுதான் அவளுடைய வேலையே. முன்பெல்லாம் ஒரு நிறுவனத்தின் கிளைகளை இணைக்க ஒவ்வொரு கிளையிலும் ஒரு பெட்டி வைப்பார்கள். இப்போது பெட்டி கிடையாது. அது செய்த காரியத்தையெல்லாம் வாடகைக்கு எடுத்த க்ளவுடில் ஒரு மென்பொருள் செய்கிறது. அந்த மென்பொருளை மாற்றிப் புதுசை எழுப்பும்போது, ஏற்கெனவே இருக்கும் நெட்வொர்க், ஏற்கெனவே இருக்கும் டிஸ்க், ஏற்கெனவே இருக்கும் முகவரி எல்லாவற்றையும் அதனோடு இணைத்துவிட வேண்டும். காட்டுப்பாக்கத்தில் வாடகை வீடு மாறுகிறவர் பழைய கேஸ் இணைப்பைப் புது வீட்டுக்கு எழுதி வாங்குகிற மாதிரி. அந்தப் படிவங்களை நிரப்புவது செலின்.

நிதானம் என்ற சொல்லுக்கு வருவோம். அவளால் உட்கார முடியாது. பூசையில் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்துபோய் ஸ்கூட்டரின் சைடு ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு வருவாள். அவள் கணவன் எட்மண்ட், ஆவடியில் கணக்கு வாத்தியார், பூட்டின கதவை அவள் மறுபடி இழுத்துப் பார்க்கும் எண்ணிக்கையை வாய்விட்டு எண்ணுவான். "மூணு. நாலு. போதும் தாயே, கதவு வலிக்குதுன்னு சொல்லுது." இதெல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை தேதி. மாவு பாக்கெட், பிரெட், இருமல் மருந்து, லிஃப்ட்டில் ஒட்டிய சான்றிதழ், எதைப் பார்த்தாலும் திருப்பித் தேதி பார்ப்பாள். நாத்தனார் மகனின் ஞானஸ்நான விருந்தில் கேக் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்ததை அந்தக் குடும்பம் இன்னும் மறக்கவில்லை. போன வருஷ மதிப்பீட்டில் இதைத்தான் "தேவையற்ற சந்தேகங்களால் தாமதம்" என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வு இரண்டாவது முறையாகக் கைநழுவியது அதனால்தான்.

அதற்கு மாற்றாகத்தான் ரோஹித் "நிதானமானவர்" என்று எழுதினான். அவளைவிடப் பத்து வயது சின்னவன், ஈரோட்டுக்காரன், நல்ல பையன். பொய் எழுதும்போதும் மரியாதையாக எழுதுவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டி ஏழு கிளைகள் வைத்திருக்கும் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் புது சேவையை எழுப்ப வேண்டும். சென்டருக்கு ஞாயிறு மதியம் விடுமுறை. ஒரு மணிக்கு ஆரம்பித்து நாலு மணிக்குள் முடிக்க வேண்டும். முடிப்பது என்றால், புதியதை எழுப்பி, பழையதை அதன் உடைமைகளோடு நீக்குவது வரைக்கும். நாலைத் தாண்டினால் பதிவேட்டில் "தோல்வி" என்று ஏறும், படிவத்தை நிரப்பியவர் பெயரில். நிரப்பியவள் செலின்.

உடைமைகளில் முக்கியமானது ஒரு டிஸ்க். ஐந்து வருஷ ஸ்கேன் படங்கள் அதில் இருந்தன. சென்டரில் வேறு பிரதி கிடையாது. போன வருஷம் எடுத்த படத்தோடு இந்த வருஷத்துப் படத்தை வைத்துப் பார்த்துத்தான் கட்டி வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று டாக்டர் சொல்ல முடியும். பழைய சேவையிலிருந்து அந்த டிஸ்க் புது சேவைக்கு வந்து சேர வேண்டும்.

இரண்டு மணிக்குப் புது சேவை எழுந்தது. மூன்றுக்குள் சோதனைகள் முடிந்தன. திரையில் எல்லாம் பச்சை.

"அக்கா, சூப்பருங்க. எல்லாம் க்ரீன் ஆயிருச்சு. நெட்வொர்க் இருக்கு, அட்ரஸ் இருக்கு, டிஸ்க் இருக்கு. பேரும் சரி, சைஸும் சரி" என்றான் ரோஹித்.

போனில் ரவிச்சந்திரன். ஏழு கிளைகளின் நிர்வாகத்தையும் பார்த்துக்கொள்கிறவர். அக்கா மகனின் காதுகுத்துக்குப் பூந்தமல்லி மண்டபத்தில் இருக்க வேண்டியவர், காட்டுப்பாக்கம் கிளையில் உட்கார்ந்திருந்தார். "மேடம், ஏழு பிராஞ்சுலயும் லைன் வந்துடுச்சு. நான் கெளம்பட்டுங்களா? தாய்மாமன் முறைக்கு நான்தான் மடியில வெச்சுக்கணும். புள்ளைய வெச்சுக்கிட்டு எல்லாரும் எனக்காகக் காத்துகிட்டு இருக்காங்க."

"கெளம்புங்க சார்" என்று ரோஹித் முந்திக்கொண்டான். பிறகு பழைய சேவையை நீக்கும் பொத்தானை அழுத்தினான்.

அழுத்தியதும் நீங்கிவிடாது. இரண்டு பேர் விதி என்று ஒன்று உண்டு. ஒருவர் அழுத்தினால் மற்றவர் திரையில் ஒரு கட்டம் வரும்: "பழைய சேவையும் அதைச் சேர்ந்த அனைத்தும் நீக்கப்படும். சரிபார்த்தேன்." அதில் டிக் போட்டால்தான் காரியம் நடக்கும். விதியை எழுதியவர்கள் இரண்டாமவர் சரிபார்ப்பார் என்று நம்பினார்கள். இரண்டாமவர்களோ, முதலாமவர் சரிபார்த்திருப்பார் என்று நம்பினார்கள். அந்த அலுவலகத்தில் டிக் போட ஆகும் நேரம் சராசரியாக நாலு நொடி.

செலின் திரையில் கட்டம் வந்தது. மணி மூன்று பத்து. அவள் எழுந்து நின்றாள்.

யு.பி.எஸ். அறையைப் பார்த்துக்கொள்ளும் பாஸ்கரன், சென்னீர்குப்பத்துக்காரர், வாசல் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். "இன்னாம்மா, மறுபடி எய்ந்துட்டியா? குந்துறதுக்குத்தானே கம்பெனிக்காரன் சேர் வாங்கிப் போட்டுகீறான்?"

"ஒரு நிமிஷம்ண்ணா."

நின்றபடியே அவள் டிஸ்க்கின் பக்கத்தைத் திறந்தாள். பெயர், அளவு, நிலை. தேதிக் கட்டம் வழக்கமாக மறைந்திருக்கும், யாரும் கேட்பதில்லை. அதை இழுத்துத் திறந்தாள்.

உருவாக்கப்பட்டது: இன்று, 1:52.

ஐந்து வயதாகியிருக்க வேண்டிய டிஸ்க்குக்கு வயது ஒரு மணி பதினெட்டு நிமிடம்.

"ரோஹித், இது இன்னைக்குப் பொறந்திருக்கு."

அவன் எட்டிப் பார்த்தான். "அது அட்டாச் ஆன நேரமா இருக்குமுங்க அக்கா. டூல் அப்படித்தான் காட்டும்."

"அப்படிக் காட்டுமா?"

"காட்டும்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறியா, தெரியுமா?"

"அக்கா." ரோஹித் குரலைத் தணித்தான். "நாளைக்குக் காலைல கமிட்டிங்க. நிதானமானவர்னு எழுதி வெச்சிருக்கேன். இன்னும் ஒரு நாள் அப்படியே இருந்துட்டீங்கன்னா நான் பொய் சொன்னதா ஆகாது."

டிஸ்க்கின் உள்ளே பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் உள்ளே பார்க்க அவர்களுக்கு அனுமதி இல்லை, நோயாளிகளின் படங்கள். நீக்க அனுமதி இருந்தது, பார்க்க அனுமதி இல்லை. பார்க்கக்கூடிய ஒரே ஆள் காதுகுத்துக்குக் கிளம்பிவிட்டார்.

செலின் தான் நிரப்பிய படிவத்தைத் திறந்தாள். இரண்டு வாரத்துக்கு முன் அவள் கையால் நிரப்பியது. டிஸ்க்: ஏற்கெனவே உள்ளது. பெயர் சரியாக இருந்தது. அதற்குக் கீழே மாதிரிப் படிவத்திலேயே அச்சாகி வருகிற ஒரு வரி, யாரும் தொடாத வரி: "கிடைக்காவிட்டால், இதே பெயரில் உருவாக்கு."

படிவத்தைப் படித்துச் சேவையை எழுப்பும் கருவி, டிஸ்க்கைத் தேடியிருக்கிறது. கிடைக்காவிட்டால், எதுவும் சொல்லாமல், அதே பெயரில், அதே அளவில், காலியாக ஒன்றைச் செய்து மாட்டிவிட்டுப் பச்சை விளக்கைப் போட்டிருக்கும். அப்படி நடந்திருந்தால் நிஜ டிஸ்க் இன்னும் பழைய சேவையின் உடைமையாகவே கிடக்கிறது. அவள் டிக் போட்டதும் அதுவும் போகும். நடக்காமலிருந்தால், அவள் மறுபடி தேவையற்ற சந்தேகத்தால் தாமதம். நடந்திருந்தாலும் பிழை அவளுடைய படிவத்தில்தான். எப்படிப் பார்த்தாலும் திங்கட்கிழமைக்கு நல்லதில்லை.

போனை எடுத்தாள். மூன்றாவது முறைதான் ரவிச்சந்திரன் எடுத்தார். பின்னால் ஹாரன்.

"சார், எங்க இருக்கீங்க?"

"குமணன்சாவடி மேடம். மெட்ரோக்காரன் தடுப்பு போட்டுட்டான். வண்டி நகரல."

"சார், திரும்பி பிராஞ்சுக்குப் போகணும். ஒரு பழைய ஸ்கேன் திறந்து பார்க்கணும்."

"விளையாடுறீங்களா? எல்லாம் ஓடுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஓடுது. ஓடுறதுல உங்க படம் இருக்கான்னு தெரியல."

"எங்க அக்கா என்னைக் கொன்னுடும்" என்றார். ஆனால் வண்டி திரும்பும் சத்தமும் கேட்டது.

குமணன்சாவடிக்கும் காட்டுப்பாக்கத்துக்கும் அப்படியொன்றும் தூரமில்லை. அன்று அது முப்பது நிமிடம் ஆனது. செலின் ஜன்னலுக்கும் மேசைக்கும் நடந்தாள். திரையில் கட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. ரோஹித் கடிகாரத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், குறிப்பு இருந்த கோப்பைத் திறந்து மூடினான்.

"அக்கா, நாலு மணி தாண்டினா தோல்வின்னு ஏறிடும். உங்க பேர்லங்க."

"தெரியும்."

"டேட் தப்பாக் காட்டுதுன்னு ஆயிருச்சுன்னா?"

"அப்ப நான் பைத்தியம்னு எழுதிக்கோ. நிதானமான பைத்தியம்."

பாஸ்கரன் தலையை நீட்டினார். "நைனா, அதை உட்டுடு. அது ஒரு தபா எய்ந்துச்சுன்னா ஆண்டவரே சொன்னாலும் குந்தாது. நான் ஒம்போது வருசமா பாத்துகினு கீறேன்."

மூன்று நாற்பத்தொன்பதுக்குப் போன் அடித்தது. ரவிச்சந்திரன் மூச்சு வாங்கினார்.

"மேடம், உக்காந்துட்டேன். எதைத் தொறக்கணும்?"

"போன வருஷம் எடுத்தது ஏதாவது ஒண்ணு."

"சுலோசனான்னு ஒரு அம்மா, நாளைக்குக் காலைல வராங்க, அவங்களோடதைத் தொறக்குறேன்." கீபோர்டு சத்தம். நீண்ட நேரம் கீபோர்டு சத்தம். "பேர் வருது மேடம். படம் வரல. வேற ஒண்ணு பாக்குறேன். இதுவும் வரல." குரல் இறங்கியது. "மேடம், ஒண்ணுகூட வரலியே. எங்க போச்சு எல்லாம்?"

"போகல சார். போகறதுக்கு இருந்துச்சு. லைன்லயே இருங்க."

ரோஹித் நீக்கும் ஆணையைத் திரும்பப் பெற்றான். "நான் அழுத்திட்டேனுங்க அக்கா" என்றான். "நீங்க நாலு செகண்டுல டிக் போட்டிருந்தா..."

"போடல இல்ல? பழைய ப்ராஜெக்ட்டைத் திற."

க்ளவுடில் ப்ராஜெக்ட் என்பது பூட்டிய தனி அறை. பழைய சேவை ஓர் அறையில் இருந்தது, புதியதை வேறோர் அறையில் எழுப்பியிருந்தார்கள். நெட்வொர்க் இரண்டு அறைக்கும் பொது என்பதால் கிடைத்துவிட்டது. டிஸ்க் பழைய அறையின் சொந்தம். கருவி தன் அறையில் மட்டும் தேடிவிட்டு, இல்லை என்று முடிவுகட்டியிருக்கிறது. பழைய அறையைத் திறந்தபோது டிஸ்க் அங்கேயே இருந்தது. செலின் அதன் தேதியைத்தான் முதலில் பார்த்தாள். ஐந்து வருஷம், இரண்டு மாதம்.

நாலு மணிக்குப் பதிவேடு தானாகச் சிவப்பாக மாறியது: தோல்வி, எ. செலின். அங்கே மட்டும் இனிஷியல் சரியாக இருந்தது.

அதைப் பற்றிப் பேச நேரமில்லை. டிஸ்க்கை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கை மாற்ற ஒரு பக்கம் கொடுக்க வேண்டும், மறுபக்கம் ஏற்க வேண்டும். ரோஹித் கொடுத்தான், அவள் ஏற்றாள். நடுவில் ரவிச்சந்திரனின் போனில் அவருடைய அக்காவின் குரல் கேட்டது: "மடியில வெச்சுக்க வேற ஆளப் பாத்தாச்சு, நீ அங்கயே குடித்தனம் பண்ணு."

திங்கட்கிழமை கமிட்டிக்கு ரோஹித் என்ன கொண்டுபோனான், "நிதானமானவர்" அதில் இருந்ததா என்பதெல்லாம் அவன் பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பத்திலிருந்து ஐந்து நாற்பது வரை செலின் செய்தது இது: கட்டத்தில் டிக் போடவில்லை. படிவத்தில் "கிடைக்காவிட்டால் உருவாக்கு" என்ற வரியை "கிடைக்காவிட்டால் நிறுத்து" என்று மாற்றினாள். பெயருக்குப் பதிலாக டிஸ்க்கின் முப்பத்தாறு எழுத்து அடையாள எண்ணை எழுதினாள். சேவையை மறுபடி எழுப்பினாள். ரவிச்சந்திரனைக் கொண்டு, இருந்த இடத்திலிருந்தே, ஏழு கிளைகளின் பழைய ஸ்கேன்களில் கிளைக்கு ஒன்றாகத் திறக்க வைத்தாள், முதலில் சுலோசனாவினுடையது. ஏழும் திறந்தன. அதற்குப் பிறகு டிக் போட்டாள்.