பீச் வரை நிற்காத பேச்சு

பக்கவாதம் வந்து அண்ணனின் வலது கை முடங்கியதைவிட, அவருடைய பேச்சு போனதுதான் எங்களை உலுக்கியது. நாங்கள் வாயாடிக் குடும்பம். மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் இரைச்சல் இல்லை என்றால் ஊருக்குப் போயிருக்கிறோம் என்று அர்த்தம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அண்ணன் 'ஆ' என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நாங்கள் பேசுவது அவருக்கு எட்டுகிறதா என்பதும் தெரியவில்லை. ஒருநாள் சமையலறையில் வைத்து அண்ணி என்னிடம் கேட்டார்: "தம்பி, அவரு உள்ள இருக்காரா?"

கணினிக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. சொந்த அண்ணனின் 'ஆ' எனக்கு விளங்கவில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு மேற்குத் தாம்பரம் போய்விட்டு ஆட்டோவில் மூவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். ஸ்டேஷன் எதிரே நெரிசல். போனில் ஆபீஸ் நண்பன் எங்கே இருக்கிறாய் என்று கேட்க, "தாம்பரம்" என்றேன். பக்கத்திலிருந்து அண்ணன் "சானடோரியம்" என்றார். அதோடு விடவில்லை. குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று பீச் ஸ்டேஷன் வரைக்கும் தங்குதடையின்றி ஓட்டிவிட்டார். வேலை பார்த்த காலம் முழுக்க அவர் மின்சார ரயிலில் போய்வந்த வழி அது. அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலேயே அழுதார். வீட்டுக்கு வந்ததும் கேசரி கிளறினார்.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. டம்ளரைக் காட்டி இது என்ன என்றேன். 'ஆ' என்றார். ஸ்டேஷன் வரிசையில் நடுவே வரும் கிண்டியை மட்டும் சொல்லுங்கள் என்றால் உதடு கோணியது, சொல் வரவில்லை. தாம்பரம் என்று எடுத்துக்கொடுத்தாலோ கிண்டி தானாக வந்து தானாகப் போனது. ஞாயிறு என்றால் சனி வரை ஓடியது. கட்டில் காலில் இடித்துக்கொண்டபோது சுத்தமான மெட்ராஸ் கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. அண்ணிக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன.

நரம்பு டாக்டர் அந்தச் சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றினார். மனப்பாடம், எண்ணிக்கை, வசவு எல்லாம் மூளையில் வேறு வழியாக வருபவை, அந்த வழி அடிபடாமல் தப்பியிருக்கிறது, இதைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். கல்லூரியில் மொழியியல் நடத்தும் என் தோழியைக் கேட்டேன். வேறொன்றைச் சொல்லியிருக்க முடியும் என்றால்தான் ஒரு சொல்லுக்கு அர்த்தம், குரோம்பேட்டைக்கு அடுத்துப் பல்லாவரம்தான் வந்தாக வேண்டும் என்றால் அதில் அவர் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றாள். எனக்குச் சுருக்கென்றது. முன்னால் வந்த சொற்களைப் பார்த்து அடுத்த சொல்லை ஊகிப்பதைத்தான் எங்கள் ஆபீஸில் கணினி செய்கிறது. அதைப் பேசும் இயந்திரம் என்று சொல்லி விற்கிறோம். இயந்திரத்துக்குக் கொடுத்த பட்டத்தை அண்ணனுக்குக் கொடுக்க ஆளில்லையே என்று கோபம் வந்தது.

இதையெல்லாம் அண்ணியிடம் விளக்கினேன். ஆளுக்கொரு காலைப் பிடித்துக்கொண்டு யானை என்கிறீர்கள், உங்கள் ஆராய்ச்சிக்கு இவர்தான் கிடைத்தாரா என்று திட்டிவிட்டு, துணி காயப்போடப் போய்விட்டார். திட்டியதில் தப்பில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சொல்ல வைக்கிறதை அப்புறம் பாக்கலாம் சார். முதல்ல நிறுத்த வைப்போம்" என்றார். அண்ணன் ஓட்ட ஆரம்பித்ததும் அந்தப் பெண் நடுவில் கையை உயர்த்துவார். அண்ணன் அங்கே நிற்க வேண்டும். பல்லாவரத்தில் கை உயர்ந்தால் அண்ணன் மீனம்பாக்கம் தாண்டிப் போய்க்கொண்டிருப்பார். உங்க அண்ணன் ஃபாஸ்ட் லோக்கல் என்று பக்கத்து வீட்டுக்காரர் கிண்டலடித்தார். மெல்ல மெல்ல, கை உயர்ந்ததும் அண்ணன் நிற்க ஆரம்பித்தார். நிற்பது அந்தப் பெண்ணின் விருப்பத்துக்குத்தானே, இவருடைய விருப்பம் அதில் எங்கே என்று நான் ஆரம்பித்தேன். அண்ணி முறைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. அண்ணி கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். யாரும் எடுத்துக்கொடுக்காமல் அண்ணன் தானே ஆரம்பித்தார்.

"தாம்பரம். சானடோரியம். குரோம்பேட்டை. பல்லாவரம்."

திரிசூலத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அண்ணன் அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பல்லாவரத்தில் வெள்ளிதோறும் சந்தை கூடும். பழைய ஃபேன், ஓடாத கடிகாரம், யாருக்கும் வேண்டாத ஸ்பீக்கர் என்று எல்லாம் அங்கே கிடைக்கும். லீவு கிடைத்த வெள்ளிகளில் அண்ணன் அங்கே போய் எதையாவது தூக்கிக்கொண்டு வருவார். அன்று மாலை வீட்டில் சண்டை நிச்சயம்.

அண்ணி நிமிரக்கூட இல்லை. "இந்த வெயில்ல ஒண்ணும் போவ வேணாம். போன தடவ வாங்கினு வந்த ஃபேனே மாடில துருப்பிடிச்சிக் கெடக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் கையில் கத்தி நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அண்ணனிடம் குழந்தையிடம் பேசுவதுபோலத்தான் பேசிவந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷூவோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனுக்கோ கோபம். இடது கையால் நாற்காலியைத் தட்டினார். மறுபடி தாம்பரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு ஸ்டேஷனாக வந்து, பல்லாவரத்தை மட்டும் அதட்டலாகச் சொல்லி நிறுத்தினார்.