வாப்பா விட்டுப்போன பக்கம்

முத்துப்பேட்டையில் நான் நூலகராக இருக்கும் பள்ளிக்குக் கடந்த மாதம் டேப்லெட்டுகள் வந்தன. பெட்டியைப் பிரித்ததும் எழுந்த புது பிளாஸ்டிக் வாசனை என்னை எங்கள் பழைய வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

துபாயிலிருந்து வாப்பா கொடுத்தனுப்பிய டேப் ரெக்கார்டரை உம்மா பிரித்தபோதும் அதே வாசனைதான். கூட வந்த கேசட்டில் வாப்பா எனக்காக ஒரு நரிக் கதை வாசித்திருந்தார். நடுவில் அறையில் இருந்த யாரோ, "நரி எங்க பாய் பேசும்?" என்று கேட்க, வாப்பா சிரித்துவிட்டார். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போனவர். அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"உம்மா, இன்னொரு தடவ போடுங்க" என்று உறங்கும்வரை நச்சரித்தேன்.

ஆறாம் வகுப்பு ஃபர்ஹானாவின் வாப்பா இப்போது குவைத்தில் இருக்கிறார். அவள் எடுத்திருந்த கதைப் புத்தகத்தின் பக்கங்களைப் படம் பிடித்து, வாசித்து அனுப்பச் சொல்லி அவருக்கு அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அவர் குரல் வந்தது. ஃபர்ஹானா ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புத்தகத்தில் விரல் வைத்துத் தொடர்ந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"வாப்பா ஒரு பக்கத்த விட்டுட்டாங்க மிஸ்."

"அப்ப என்ன செய்யலாம்?"

"நான் படிச்சு அனுப்புறேன். பாவம், அவங்களுக்கு அந்தப் பக்கத்துக் கதை தெரியாதுல்ல."

மைக்கை எங்கே அழுத்துவது என்று காட்டினேன். தொண்டையைச் செருமிக்கொண்டு அவள் வாசிக்கத் தொடங்கினாள்.