ஆஸ்லாவின் சால்வைக்கு ஓர் அட்டை

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, எங்கள் ஷெட்லாண்ட் தீவில் கம்பளி பின்னத் தெரியாத பெண் கிடையாது. பின்னலைப் பற்றிக் கதை விடாத வீடும் கிடையாது. கப்பல் உடைந்து கரையேறிய ஸ்பெயின்காரன்தான் எங்கள் வீட்டுக் கிழவிக்குப் பூவேலை கற்றுக்கொடுத்தான் என்று பத்து வீட்டிலாவது சொல்வார்கள். குளிரில் விறைத்துப்போய் வந்தவனுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

இந்தக் கதைகளைச் சலித்தெடுப்பதுதான் ஆண்ட்ரினாவின் வேலை. ஊர்க் காட்சிக்கூடத்துக்கு யார் பழைய ஸ்வெட்டர் கொண்டுவந்தாலும், "யாரு பார்த்தது? இதை முதல்ல யாரு சொன்னது, எப்போ?" என்று கேட்பாள். பதில் தேறினால்தான் அட்டை எழுதிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பாள். உள்ளதைச் சொன்னால் யாருக்குப் பிடிக்கும்? ஊரார் அவளைக் கல்யாணங்களுக்குக் கூப்பிடுவதை விட்டார்கள். ஊர் கூடிக் குடிக்கிற ஞாயிறு தேநீரில் அவள் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும். கூடத்தைத் திறந்து பூட்டுகிற நான் போய் உட்கார்ந்தால், "பாவம்னு வந்தியா? எழுந்து போடா" என்பாள்.

அவள் வீட்டுப் படியேறுகிற ஒரே ஆள் ஆஸ்லா. வியாழன்தோறும் சுடச்சுட ரொட்டியோடு வருவாள். ஆஸ்லா பிறந்த வாரமே அவள் அம்மா இறந்துபோனாள். அது இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வருஷம்.

ஒருநாள் ஆஸ்லா கூடத்துக்கே வந்து ஒரு குழந்தைச் சால்வையை நீட்டினாள்.

"நான் வயித்துல இருக்கும்போது அம்மா பின்னினதுன்னு என்னை வளர்த்த பெரியம்மா சொன்னா. நிஜமான்னு பார்த்துச் சொல்லுடி. நீ சொன்னா நம்புறேன்."

ஆண்ட்ரினா ஓரத்து நூலில் ஒரு துளி கத்தரித்துக்கொண்டு உள்ளறைக்கு வந்தாள். என் தீப்பெட்டியை வாங்கி உரசி நூலைக் கொளுத்தினாள். சுத்தக் கம்பளி என்றால் கருகிப் பொடியாகும். இது உருகி, கடுகு மாதிரி கெட்டியாக நின்றது. நைலான் கலந்த நூல். எங்கள் கடைகளுக்கு அது வந்ததே போர் முடிந்த பிறகுதான்.

"பெரியம்மாதான் பின்னியிருக்கா," என்றாள் மெல்ல. "தாயில்லாப் பிள்ளைக்கு ஏதோ ஒண்ணு இருக்கட்டும்னு."

"சொல்லிடாதீங்கக்கா."

"சொல்லாம விட்டிருக்கேனா எப்பவாவது?"

வெளியே ஆஸ்லா சால்வையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். ஆண்ட்ரினா வாசலில் நின்று அதைப் பார்த்தாள். பிறகு மேசைக்குப் போய் அட்டையில் எழுதினாள்: 'தாய் பின்னியது.'

ஆஸ்லா அதைப் படித்துவிட்டு அழுதாள். "இத்தனை வருஷமா மனசுக்குள்ள ஒரு சந்தேகம்டி. இப்பத்தான் எனக்கும் அம்மான்னு ஒருத்தி இருந்தான்னு தோணுது."

மறுநாள் ஆண்ட்ரினா கண்ணாடிப் பெட்டிச் சாவியை என் கையில் வைத்தாள்.

"இனிமே நான் அட்டை எழுதல. என் பேச்சை எனக்கே நம்ப முடியாமப் போச்சு."

ஆஸ்லா இன்றும் வியாழக்கிழமை வருகிறாள். அம்மா எந்த ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னியிருப்பாள் என்று ரொட்டியைப் பிட்டபடியே பேசுகிறாள். ஆண்ட்ரினா தேநீர் ஊற்றுகிறாள்.

போன வாரம் கேட்டேவிட்டேன். "துணைக்கு ஆஸ்லாவாவது வர்றாங்களேக்கா?"

"வர்றா," என்றாள். "பொய் சொல்லத் தெரியாத ஒருத்தியைத் தேடி வர்றா."