நாற்பது கிலோவை ஒப்புக்கொள்ளாத சாந்தாமேரி

நாகலூர் எஸ்டேட்டில் பிறந்து, நர்சுக்குப் படித்து, ஏற்காட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் பதினோரு வருஷம் நின்றவள் சாந்தாமேரி. அதிர்ந்து பேசாதவள் என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரை 1986இல் ஒரு வியாழக்கிழமை அவளே கெடுத்துக்கொண்டாள். நல்ல வேலை செய்தாள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கேடுகெட்ட வழக்கம். எடை மிஷின் பழுதாகிக் கிடந்ததால், மலைக்காரப் பெண் யார் வந்தாலும் சீட்டில் நாற்பது கிலோ என்று எழுதிவிடுவார்கள். மயக்க மருந்து கொடுக்க வாரம் ஒருமுறை சேலத்திலிருந்து வரும் டாக்டர் அண்ணாதுரை அதைப் பார்த்துத்தான் பெத்தடின் ஊசி போடுவார். தொண்டைக்குள் மூச்சுக்குழாய் இறக்கும்போது, ஆள் மயக்கத்தில் இருந்தாலும் உடம்பு சும்மா இருக்காது. பிரஷரும் நாடித்துடிப்பும் எகிறும். அதை அடக்கத்தான் அந்த ஊசி. எடைக்குக் குறைந்தால் அடங்காது.

போன மாதம் கொட்டச்சேடு அத்தாயிக்கு அடங்கவில்லை. நல்ல தாட்டியான பெண். அவளுக்கும் நாற்பதுதான் எழுதினார்கள். குழாய் இறங்கியதும் பிரஷர் எகிறி, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அவளுக்கு முன்னாடியே பிரஷர் இருந்தது என்று எழுதி ஃபைலை மூடினார்கள். இருந்தது தெரிந்தால் இன்னும் கவனமாக அல்லவா போட்டிருக்க வேண்டும்!

இப்போது கழுத்துக் கட்டிக்காகக் குப்பாயி வந்திருந்தாள். அவளுக்கும் பிரஷர். சீட்டில் அதே நாற்பது. சாந்தாமேரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆபரேஷனுக்கு முதல் நாள் அவளைப் பக்கத்து எஸ்டேட் குடோனுக்குக் கூட்டிப்போய், காப்பிப் பழ மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினாள்.

"ஏனுங்க சிஸ்டர், என்னையும் மூட்டையோட சேத்துட்டீங்களா? நொம்பக் கனமா இருக்குறேனுங்களா?" என்று சிரித்தாள் குப்பாயி.

அறுபத்து மூன்று. பழத்தில் கால் கிலோ குறைந்தால் கணக்கெழுதும் ரைட்டர் சண்டைக்கு வருகிறார். அதைப் பறிக்கிறவளிடம் இருபத்து மூன்று கிலோவைக் காணோம், கேட்க நாதியில்லை!

மறுநாள் டாக்டர் நாற்பது கிலோவுக்கே ஊசியில் மருந்து எடுத்தார்.

"அறுபத்து மூணுங்க டாக்டர். நிறுத்துப் பாத்தேனுங்க."

"எனக்குக் கண்ணளவே போதும் சிஸ்டர். இந்த மலைக்காரங்க எதையும் தாங்குவாங்க."

"அத்தாயி தாங்கலீங்களே."

டாக்டரின் முகம் சிவந்தது. குழாய் இறக்கும் கருவி சாந்தாமேரியின் கையில் இருந்தது. அதை மார்போடு பிடித்துக்கொண்டாள்.

"மருந்து முழுசாப் போகாம இது உங்க கைக்கு வராதுங்க."

மேஜையில் படுத்திருந்த குப்பாயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே மீதி மருந்தையும் எடுத்துப் போட்டார். ஐந்து நிமிடம் பொறுத்து, மயக்கி, குழாயை இறக்கினார்கள். பிரஷர் நூற்று ஐம்பதைத் தாண்டவில்லை.

"பாத்தீங்களா, ஒண்ணுமே ஆகல. இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் டாக்டர்.

அன்றுதான் முதல்முறையாக சாந்தாமேரி தியேட்டரில் குரலை உயர்த்தினாள்.

"ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதானுங்க டாக்டர் இவ்வளவும்."