மூன்று மணிக்கு வாருங்கள்

"இப்ப வேணாங்க. வெயில் மேற்கால திரும்பட்டும், மூணு மணிக்கு வாங்க" என்று வாடகைக்கு வீடு கேட்டவரிடம் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டு, அக்கா மாடி வீட்டுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்க்கிறார். சொட்டுகின்ற குழாயோடு வீட்டைக் காட்டுவது, மூக்கைத் துடைக்காமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்குச் சமம் என்பது அவர் கருத்து.

ஆயத்த ஆடை ஆலையில் தரம் பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டையை உட்புறம் திருப்பித் தையலைப் பார்த்தே பழகிய கண். தெருவில் அவருக்கு 'மூணு மணி அக்கா' என்று பெயர். அந்நேரத்தில்தான் மேற்கு வெயில் மாடிக்குள் நுழையும். பக்கத்து மரப்பட்டறையின் வாள் இயந்திரமும் வாய் திறக்கும். வீட்டின் மோசமான முகத்தைத்தான் முதலில் காட்ட வேண்டுமாம். "பார்த்துட்டு ஓடினா ஒரு மாச வாடகைதான் போச்சு. குடிவந்து ஓடினா, வெள்ளையடிக்கிற கூலியும் சேர்ந்து போகும்டா" என்பார் தம்பியிடம்.

தம்பிக்கு இந்தத் தத்துவம் புளித்துப்போயிருந்தது. மாடி பூட்டிக் கிடந்து மாதங்கள் ஆயின. மாடி கட்ட வாங்கிய கடனும் பூட்டிக் கிடக்குமா? அடுத்த தவணைக்கு அக்காவின் வளையல்கள்தாம் மிச்சம். ஆகவே, அக்கா கடைக்குப் போன ஒரு காலையில், ஒரு நர்ஸையும் அவள் கணவனையும் அழைத்துவந்து, குளுகுளுவென்றிருந்த வீட்டைக் காட்டினான். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. முன்பணம் கைமாறும் வேளையில், அக்கா பையும் கையுமாக வந்து நின்றார்.

"எங்கம்மா வேலை?"

"ஆஸ்பத்திரியிலங்க. எப்பவும் ராத்திரி டியூட்டிதான்."

"அப்ப பகல்லதான் தூக்கமா? சரியாப் போச்சு! பணத்தை உள்ள வைம்மா. மூணு மணிக்கு வந்து இங்க படுத்துப் பாரு."

"வீடு தேடி வந்தவங்களை இப்படி விரட்டுறியே, அக்கா!" தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான்.

"எங்கடா விரட்டினேன்? படுக்கத்தானே சொல்றேன்!"

வந்தார்கள். அக்கா படுக்கையறையில் பாய் விரித்தார். நர்ஸ் சிரித்துக்கொண்டே படுத்தாள். மற்ற மூவரும் கூடத்தில் காத்திருந்தனர். வாள் வீறிட்டது. சுவர் அனலைக் கக்கியது.

"ஞாயித்துக்கிழமை பட்டறை லீவுங்க" என்றான் தம்பி, ஈனக்குரலில்.

"மத்த ஆறு நாளும் உண்டு" என்றார் அக்கா.

நெடுநேரமாகியும் உள்ளிருந்து குரல் வரவில்லை. எட்டிப் பார்த்த கணவன், முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினான். "வார்டு சத்தத்துக்கு இதெல்லாம் தாலாட்டுங்க. குறட்டை விடுறா!"

அக்கா அப்போதும் நம்பவில்லை. அடிமேல் அடிவைத்துப் போய், பட்டறைப் பக்கத்து ஜன்னலை அகலத் திறந்தார். தம்பி கண்களை இறுக மூடிக்கொண்டான். ஓசை இரு மடங்கானது. நர்ஸ் புரண்டு படுத்தாள், குறட்டை தொடர்ந்தது.

அக்கா ஜன்னலைச் சாத்திவிட்டுப் படியிறங்கிப் போனார். திரும்பி வந்தபோது, வாசற்கம்பியில் கட்டியிருந்த 'வீடு வாடகைக்கு' அட்டை அவர் கையிலிருந்தது. பாயருகே அமர்ந்து, வியர்த்திருந்த அந்த முகத்துக்கு அதனால் மெல்ல விசிறத் தொடங்கினார்.