சேசிஸ் அக்கா

என் அக்கா பதினெட்டு வருடமாக ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவள். மெக்கானிக்குகள் எல்லோருக்கும் அவள் சேசிஸ் அக்கா. முகத்துக்கு நேராக அக்கா, முதுகுக்குப் பின்னால் சேசிஸ். யார் என்ன பாகம் கேட்டு வந்தாலும், அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் அவள் கேட்டுவிடுவாள்: "சேசிஸ் நம்பர் கொண்டு வந்தியா?"

கொண்டு வரவில்லை என்றால் தலைகீழாக நின்றாலும் பொருள் வராது. ஒவ்வொரு காரின் உடம்பிலும் பொறித்திருக்கும் அந்தப் பதினேழு எழுத்தும் எண்ணும் இல்லாமல் ஒரு போல்ட்டைக் கூட எடுத்து வைக்க மாட்டாள். ஒல்லி என்று ஒரு மெக்கானிக் இருக்கிறான். ஒரு ஆயில் ஃபில்டருக்காக அவனை ஒரே நாளில் மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறாள். மூன்றாம் முறை, "என்னோட ஜாதகத்தையும் சேத்துக் கொண்டு வரட்டுமா அக்கா?" என்று கேட்டான். "அது வேண்டாம், அதுல நம்பர் சரியா இருக்காது" என்றாள் இவள்.

நான் அவளுடைய தம்பி. நூலகத்தில் வேலை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எண் போட்டு அடுக்குகிற வியாதி உண்டு. எனக்குப் புத்தகம், அவளுக்குக் கார். ஒரே ஒரு வித்தியாசம், நான் பயந்தாங்கொள்ளி. அவளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. எந்தப் பாகம் அதிகம் விற்கிறதோ, அதுதான் அந்த இன்ஜினின் நோய் என்பாள். சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் வந்த நாளிலிருந்து அவளுக்குக் கொண்டாட்டம். சாப்பிடும்போது கூட அதே பேச்சு. "ஆயிரம் சி.சி. கூட முழுசா இல்லடா. மூணே மூணு சிலிண்டர். ஆனா நூத்திப் பதினெட்டு குதிரை! எப்படி? வெளிய போற புகையை வெச்சே ஒரு சக்கரத்தைச் சுத்தி, அந்தச் சக்கரம் காத்தை அமுக்கி உள்ள தள்ளுது. நிமிஷத்துக்கு ரெண்டு லட்சம் சுத்து!" மாமா, அதாவது அவள் கணவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ பேசறதும் அந்த வேகம்தான்" என்பார்.

பிரச்சினை ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தது. ஊரிலேயே பெரிய பட்டறைக்காரர் டாக்டர். அவர் படித்த டாக்டர் இல்லை. இன்ஜின் செத்ததா பிழைத்ததா என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது, அதனால் அந்தப் பெயர். பட்டறையில் காரைத் தூக்கி நிறுத்துகிற லிஃப்ட் மூன்று வைத்திருந்தார். மூன்றாவதன் மேல் பழைய டயர்களை அடுக்கி வைத்திருந்தார். அன்று கடைக்கு வந்தவர், ஒரு டர்போ கார் செத்துவிட்டது, சொந்தக்காரர் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார், இரும்புக்கடைக்கு அனுப்பப் போகிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

"என்ன ஆச்சு அண்ணே?" என்றாள் அக்கா.

"ஆயில் விளக்கு சிவப்பா எரிஞ்சிருக்கு. டர்போ போச்சு, இன்ஜின் போச்சு."

"எரிஞ்ச உடனே வண்டியை நிறுத்தினாரா, ஓட்டிக்கிட்டே வந்தாரா?"

"உடனே நிறுத்திட்டாராம். இழுத்துக்கிட்டுதான் வந்தோம். அதனால என்ன?"

அக்கா கவுண்டர் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள். கடை முழுக்க ஆட்கள் நின்றார்கள். "அப்ப அது சாகலை அண்ணே. அந்த இன்ஜினுக்கு டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடுது. பெல்ட் நைஞ்சு ரப்பர் துகள் உதிர்ந்து, ஆயில் உறிஞ்சற வடிகட்டியை அடைச்சிருக்கும், டர்போவுக்கு ஆயில் ஏறியிருக்காது. நேரத்துல பெல்ட் மாத்தினவங்க ஒருத்தர் கூட எங்கிட்ட டர்போ வாங்க வந்ததில்லை. டர்போ வாங்கினவங்க மூணு மாசத்துல இன்னொரு டர்போவுக்கு வந்து நிக்கறாங்க. ஏன்? அடைப்பை விட்டுட்டு டர்போவை மட்டும் மாத்தறீங்க."

டாக்டர் சிரித்தார். "ஏம்மா, ஒரு நாளாவது ஸ்பேனர் பிடிச்சிருக்கியா?"

"பிடிக்க விட்டாத்தானே."

அங்கேயே பேசி முடித்தார்கள். காரை அவள் எடுத்துக்கொள்ளலாம். நான்கு ஞாயிற்றுக்கிழமை டாக்டரின் பட்டறை முற்றத்தில் வேலை பார்க்கலாம். நாலாவது ஞாயிறு மதியம் ஒரு மணிக்குள், அவளையும் சேர்த்து நாலு பேரோடு, மூன்றாவது கியரிலேயே தண்ணீர்த்தொட்டி மேடு ஏற வேண்டும். ஏறினால் மூன்றாவது லிஃப்ட் அவளுக்கு. இன்ஜின் நோய் பார்ப்பது இனி அவள் வேலை. ஏறாவிட்டால் கவுண்டரோடு நிற்க வேண்டும், மெக்கானிக் யாருக்கும் இனி புத்தி சொல்லக் கூடாது.

அன்று அக்கா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். "தோத்துட்டா அந்தக் கடையில எப்படி நிப்பே?" என்றேன். "பதினெட்டு வருஷமா நின்னுக்கிட்டுத்தானேடா இருக்கேன்" என்றாள். அவளுக்கு அந்த லிஃப்ட் எவ்வளவு வேண்டியிருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

முதல் ஞாயிறு. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை அவளும் நானும் கழற்றினோம். அவள் கழற்றினாள், நான் டார்ச் பிடித்தேன் என்பதுதான் உண்மை. வடிகட்டி தெரிந்ததும் அக்கா போட்ட கூச்சலில் நான் டார்ச்சைக் கீழே போட்டேன். வலை முழுக்க மிளகுத்தூள் அப்பினது போலக் கறுப்பு ரப்பர்! "பாத்தியா! பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா!" காருக்கு அடியில் படுத்துக்கொண்டே குதிக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன். டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தாள். பக்கவாட்டில் மயிரிழை அசைவு, முன்னும் பின்னும் அசைவே இல்லை. "உயிரோட இருக்கு" என்றாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் வேலை மூச்சு முட்டியது. புது பெல்ட், புது ஆயில் குழாய், கழுவின வடிகட்டி. இந்த வகை இன்ஜினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுவதால் காற்று வரும் வால்வுகளைக் கழுவ ஆளில்லை, கரி படியும். அதைச் சுரண்டி எடுத்தாள். புது ஸ்பார்க் பிளக், இடைவெளி சரியாகப் பூஜ்ஜியம் புள்ளி ஏழு மில்லிமீட்டர். பழைய பைபாஸ் வால்வின் சவ்வு கிழிந்திருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது டர்போவில் தேங்கும் காற்றைத் திருப்பி விடுகிற வால்வு அது. அதற்கும் புதுசு. பாக எண் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். கடையின் கம்ப்யூட்டரைத் தொடாமலேயே நேராக அலமாரிக்குப் போய் எடுத்து வந்து, சீட்டும் எழுதி வைத்தாள்.

நாலாவது ஞாயிறு காலை பத்தரைக்கு, பிளக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, டர்போவுக்கு ஆயில் ஏறும்வரை இன்ஜினை வெறுமனே சுற்ற வைத்தாள். கம்பிகளை மாட்டினாள். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது! சிவப்பு விளக்கு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் அணைந்தது. மாமா என் முதுகில் ஓங்கி அறைந்தார். இன்னும் வலிக்கிறது.

டாக்டர் பின் சீட்டில் ஏறினார். பக்கத்தில் நான். முன்னால் மாமா. தொண்ணூற்றெட்டு கிலோ, சோதனைக்குத் தக்க சுமை. மேட்டின் அடியில் மூன்றாவது கியர். அக்கா மிதித்தாள். கார் சீறிக் கிளம்பியது. பாதி வரை என் முதுகு சீட்டில் ஒட்டியிருந்தது. பாதியில் புஸ்ஸென்று ஒரு சத்தம். மஞ்சள் விளக்கு. வேகம் விழுந்தது, விழுந்துகொண்டே போய் இன்ஜின் நின்றது. காரைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு இறங்கினோம்.

"விடும்மா" என்றார் டாக்டர். கேலியே இல்லாமல் சொன்னார், அதுதான் இன்னும் வலித்தது.

மணி பதினொன்றே முக்கால். ஸ்கேனரை மாட்டினால், காற்றழுத்தம் போதவில்லை என்று காட்டியது. அக்கா எல்லாக் குழாயிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தாள். ஒரு குமிழி கூட வரவில்லை. காற்றைக் குளிர வைக்கும் இண்டர்கூலரைத் தட்டிப் பார்த்தாள். முகத்தில் கரி, நெற்றியில் வியர்வை. கையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். வேடிக்கை பார்க்க வந்த மெக்கானிக்குகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்களில் ஒல்லியும் இருந்தான். ரொம்ப நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டான்:

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இந்த வண்டி சேசிஸ் நம்பர் பாத்தீங்களா?"

அக்கா துணியைக் கீழே போட்டாள். பதினெட்டு வருடத்தில் ஆயிரம் பேரைத் திருப்பி அனுப்பியவள், தன் காருக்கு மட்டும் பார்க்கவில்லை!

"ஐயையோ" என்றாள். "வருஷ நடுவுல கம்பெனிக்காரன் பைபாஸ் வால்வை மாத்தினான்டா! அழுத்தம் கூட்டினப்ப ஸ்பிரிங்கை இறுக்கினான். பாக எண்ல கடைசி எழுத்து மட்டும்தான் வேற. நான் பழைய மாடலைப் போட்டிருந்தா, மேட்டுல அழுத்தம் ஏறினதும் தானா திறந்துக்கும்!" கடைச் சாவி அவளிடம்தான் இருக்கும், காலையில் கடை திறக்கிறவள் அவளே. ஒல்லியின் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். "தம்பி, நீ இங்கேயே இரு. போன் பண்றேன், நம்பரைப் படி."

ஏழாவது நிமிடம் போன் வந்தது. கார் கண்ணாடிக்கு அடியில் இருந்த எண்ணை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

"இன்னொரு தடவை படி."

"அக்கா, மணி பன்னெண்டரை ஆகப் போகுது!"

"படிடா."

படித்தேன். மறுமுனையில் கம்ப்யூட்டர் தட்டும் சத்தம். அப்புறம் ஒரு கூச்சல், போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். இவள் போட்டிருந்தது பழைய மாடல் வால்வுதான்.

சரியான வால்வோடு இருவரும் திரும்பி வந்தார்கள். அதைப் பிடிப்பது மூன்று போல்ட். அக்கா மாட்ட, ஒல்லி ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தான். பன்னிரண்டு ஐம்பதுக்கு மறுபடி நாலு பேரும் ஏறினோம். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார்.

மூன்றாவது கியர். மிதித்தாள். பாதி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். புஸ்ஸென்ற சத்தம் வரவில்லை. அதற்குப் பதில் மெல்லிய விசில் ஒன்று எழுந்தது, ஏறிக்கொண்டே போனது, கூடவே காரும் ஏறியது! "போடு! போடு!" என்று கத்தியது யார் என்று பார்த்தால் நான்தான். மாமா டேஷ்போர்டைக் குத்திக்கொண்டிருந்தார். தொட்டியின் நிழல் கார் மேல் விழுந்தபோது முள் எழுபதில் நின்றது. பன்னிரண்டு ஐம்பத்தாறு.

கார் நின்றது. டாக்டர் கதவைத் திறக்கக் கை வைத்தார்.

"ஒரு நிமிஷம் அண்ணே" என்றாள் அக்கா. "இன்ஜின் ஓடட்டும். மேடு ஏறின சூடு, டர்போ ஆறணும்."

எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தாள். கண்ணாடியில் அவள் கண்ணீர் எனக்குத் தெரிந்தது. எனக்கும் வந்தது, மறைக்கவில்லை.

"டர்போ போச்சுன்னு நான் ஒரு பதினஞ்சு வண்டிக்காவது சொல்லியிருப்பேன்" என்றார் டாக்டர், யாரையும் பார்க்காமல். பிறகு, "அந்த மூணாவது லிஃப்ட் மேல கிடக்கிற டயரையெல்லாம் சாயங்காலமே எடுக்கச் சொல்றேன்."

அக்கா கண்ணைத் துடைத்தாள். துடைத்த இடமெல்லாம் கரி. நிமிடம் முடிந்ததா என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்தாள்.

"அந்த லிஃப்ட் என்ன மாடல் அண்ணே?" என்றாள். "அதோட நம்பரையும் கொஞ்சம் எழுதிக் கொடுங்க."