எனக்கு வராத காய்ச்சல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். மலாயாவில் மாசாய்ப் பக்கம், காட்டை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். தலைப்பிள்ளை என் வயிற்றில் இருந்தது. மயக்கம் அதிகமானதால் வேலையை விட்டு நின்றுவிட்டேன்; கங்காணியும் ஆள் கணக்கிலிருந்து என் பேரை எடுத்துவிட்டார்.

எங்கள் தோட்டத்தில் மலேரியா முறைக்காய்ச்சலுக்குக் குறைவே கிடையாது. அதனால் காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டதும் ஒவ்வொருவருக்கும் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் ஒரு கொயினா மாத்திரை கொடுப்பார். அவர் கண்ணெதிரே விழுங்கவேண்டும். யாழ்ப்பாணத்துக்காரர், சிடுசிடுத்த முகம். அவரிடம் வாய் திறக்கவே எங்கள் ஆட்களுக்குப் பயம். பேர் இல்லாதவளுக்கு மாத்திரை ஏது என்று நானும் சும்மா இருந்தேன். ஆனால் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வரும்போது ஒரு மாத்திரையை வெற்றிலையில் மடித்துக் கொண்டுவருவார். டிரெஸர் கொடுத்துவிட்டதாகச் சொல்வார். ஓரமெல்லாம் கரைந்திருக்கும், கேட்டால் பனியில் நனைந்தது என்பார். குமட்டினாலும் விழுங்கிவிடுவேன். அந்தக் கடுவன்பூனைக்குள்ளும் இரக்கம் இருக்கிறதே என்று டிரெஸரை மனதுக்குள் வாழ்த்தினேன்.

மழை பிடித்ததும் என் வீட்டுக்காரருக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தது. ஒரு நாள் போர்த்திக்கொண்டு நடுங்குவார், மறுநாள் வேலைக்குப் போய்விடுவார். பிறகு ஒரு காலையில் சிறுநீர் கடுங்காப்பி மாதிரிக் கறுப்பாகப் போனது. கண்ணும் மஞ்சளாகிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். இது காட்டு முனி அடித்தது, மலாய்க் கம்பத்து மந்திரவாதி போமோவிடம் மந்திரிக்க வேண்டும் என்றது எங்கள் குடியிருப்பு லயம் முழுக்க. நானும் அதையே நம்பினேன். மாட்டுவண்டி பேசிக்கொண்டு அவரை எழுப்பப் போனேன்.

டிரெஸர் குறுக்கே நின்றார். "இப்ப ஆளை அசைச்சால் உயிர் தங்காது, தங்கச்சி. இஞ்சை வந்து பாருங்கோ" என்று மேசையில் இருந்த பூதக்கண்ணாடிக் குழாயைக் காட்டினார்.

குனிந்து பார்த்தேன். வெளிறிய சிவப்பில் குட்டிக் குட்டி வட்டங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. சிலவற்றின் உள்ளே ஒரு நீல வளையம்.

"இது உங்கட மனுசன்ரை ரத்தம். ஒவ்வொரு வட்டத்தையும் சுத்தி மெல்லிசாய் ஒரு தோல் இருக்கு. வேணுமெண்டதை உள்ளுக்கு விடும், வேண்டாததை மறிக்கும். மூச்சுக்காத்தை உடம்பு முழுக்கச் சுமக்கிறது இதுகள்தான். அந்தக் காத்து இல்லாட்டிச் சதைக்குப் பெலன் இல்லை. காய்ச்சல் கிருமி உள்ளுக்குப் பூந்திட்டுது, அந்த நீலம்தான். இப்ப தோல் வெடிச்சு, உள்ளுக்கு இருந்த சிவப்பெல்லாம் மூத்திரத்திலை கறுப்பாப் போகுது."

வண்டிக்காரரைப் போகச் சொன்னேன்.

கொயினாவை ஒழுங்காக விழுங்காமல் விட்டு விட்டுச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இந்த வியாதி வரும் என்றார் டிரெஸர். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"தெனமும் ஒங்க முன்னாலதானேங்க முழுங்குறாரு? எனக்கு நீங்க குடுத்துவிட்டதக்கூட நான் ஒரு நாளும் விட்டதில்லீங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "நான் ஒண்டும் குடுத்துவிடேல்லையே."

மாத்திரையின் ஓரம் கரைந்தது பனியில் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. தன் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி எனக்குக் கொண்டுவந்திருக்கிறார். நடுக்கம் தாங்காத நாட்களில் மட்டும் தானே விழுங்கியிருக்கிறார். டிரெஸர் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். "கேட்டிருந்தால் குடுத்திருப்பனே. பிள்ளைத்தாச்சியளுக்கெண்டு தனியா வைச்சிருக்கிறன்" என்றார்.

கட்டில் அருகே போய், "ஏங்க இப்படிப் பண்ணீங்க?" என்று அழுதேன்.

"பேரு இல்லாதவங்களுக்குக் குடுக்க மாட்டாங்கன்னு நெனச்சேன், புள்ள. கேக்கப் போயி, நான் ஒதுக்குறதும் தெரிஞ்சுட்டா? நான் தாங்கிக்குவேன்னுதான் நெனச்சேன்" என்றார். பேசுவதற்கே மூச்சு வாங்கியது.

அந்த வாரத்தைத் தாண்டவில்லை. டிரெஸர் எவ்வளவோ பார்த்தார், முடியவில்லை. தை மாதம் மகள் பிறந்தாள், நல்ல திடமாக.

என் உடம்பு கருங்கல் என்று இங்கே பெண்கள் கேலி செய்வார்கள். தோட்டமே நடுங்கிக் கிடந்தபோது உனக்கு மட்டும் எப்படி ஒன்றும் வரவில்லை என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். எனக்கு வரவேண்டிய காய்ச்சலையும் சேர்த்து அவரே பட்டுவிட்டுப் போனார் என்று எந்த வாயால் சொல்வேன்?